வரிசை எண் நாற்பத்தேழு

மனிதகுலத்தின் நலனை முன்னிட்டும், பொது ஒழுங்கை முன்னிட்டும், முன்னிட வேண்டிய இன்ன பிற அனைத்தையும் முன்னிட்டும், நான்காம் அட்டவணையின் நாற்பத்தேழாம் எண் அன்று காலை பத்து மணி முதல் இரண்டாம் அட்டவணைக்கு மாற்றப்பட்டது. அரசிதழின் பதினான்காம் பக்கத்தில், தொலைந்துபோன ரப்பர் முத்திரை பற்றிய அறிவிப்புக்குக் கீழே, உடைந்த நாற்காலிகளின் ஏல அறிவிப்புக்கு மேலே, இரண்டே வரியில் இந்த மாபெரும் சம்பவம் நடந்து முடிந்தது. பூமி சுழல்வதை நிறுத்தவில்லை. பஸ்கள் வழக்கம்போல் தாமதமாக வந்தன.

பத்தேகால் மணிக்கு மருந்து ஆய்வாளர் கடைக்கு வந்துவிட்டார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதுவும் நாலு தடவை ஞாபகப்படுத்தினால் மட்டும் வருகிற மனிதர். கையில் ஒரு மெழுகுக் கட்டி, ஒரு தீப்பெட்டி, ஒரு சுருள் நாடா. மழை வருவேன் வருவேன் என்று மூன்று நாளாக மிரட்டிக்கொண்டிருந்ததால் அக்குளில் குடை வேறு.

"நாப்பத்தேழு இருக்கா?" என்றார்.

மருந்துக் கடைக்காரர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கி, தராசுக்குப் பக்கத்தில் டீயை வைத்திருந்தார். "என்ன சார் நாப்பத்தேழு?"

"நாலாம் அட்டவணை, நாப்பத்தேழு."

"மருந்து பேரைச் சொல்லுங்க சார். நம்பரைச் சொன்னா நான் என்ன லாட்டரிச் சீட்டா விக்கிறேன்?"

"உத்தரவுல பேரு போடலையே. நம்பர்தான் போட்டிருக்கு."

கடைக்காரர் சுவரில் ஆணியில் தொங்கிய அட்டவணைப் புத்தகத்தை எடுத்தார். போன மாதம்தான் புதிதாக அச்சாகி வந்தது. பக்கத்தில் விரலை வைத்து இறக்கினார். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு, நாற்பத்தேழு. விரல் நின்றது.

"சார், இது வலிப்பு மாத்திரை."

"அப்படியா? சரி, எடுங்க."

"எங்க அப்பா காலத்துலேர்ந்து விக்கிறோம் சார். இதத் தின்னுட்டு யாரும் ரோட்டுல ஆடினதா நான் கேள்விப்பட்டதில்ல. கொஞ்சம் தூக்கம் வரும். அதுக்கா ரெண்டாம் அட்டவணை?"

"அதை என்கிட்ட ஏன் கேக்கறீங்க? நான் மெழுகு வைக்கிற ஆளு."

இந்த அட்டவணைகளைப் பற்றி வாடிக்கையாளர் யாராவது கேட்டால் கடைக்காரர் சொல்வதற்கென்று ஒரு விளக்கம் வைத்திருந்தார். "ஒண்ணுல இருந்தா தொடவே கூடாது. ரெண்டுல இருந்தா ரெண்டு பூட்டுப் போட்டுத் தொடணும். மூணுல இருந்தா எழுதி வெச்சுட்டுத் தொடணும். நாலுன்னா டாக்டர் சீட்டு. அஞ்சுன்னா ஒரு தும்மல் போதும்." அதுவரை அவர் கடையில் இரண்டுக்கு வேலை இருந்ததில்லை. இரண்டாம் அட்டவணை மருந்து விற்கத் தனி உரிமம் வேண்டும். சுவரில் பதித்த இரும்பு அலமாரி வேண்டும். அதற்கு இரண்டு சாவி, இரண்டும் ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். கடையில் மொத்தமே அவரும் அவர் மனைவியும்தான்.

முப்பத்தெட்டு அட்டைகளை எண்ணி, குழந்தை சோப்பு வந்த காலிப் பெட்டி ஒன்றில் போட்டு, நாடா சுற்றி, நாலு மூலையிலும் ஆய்வாளர் மெழுகை உருக்கி ஊற்றினார். கட்டை விரலைச் சுட்டுக்கொண்டார். பிறகு பெட்டியைக் கடைக்காரரிடமே நீட்டினார்.

"இதை நீங்க கொண்டு போகலையா?"

"எங்க ஆபீஸ்ல ஏது ரெண்டு பூட்டு அலமாரி? இங்கயே இருக்கட்டும். உங்க பொறுப்பு. தொட்டீங்கன்னா உரிமம் போயிடும்."

"சார், ஒரே ஒரு அட்டை." கடைக்காரர் குரலை இறக்கினார். "என் தங்கச்சி சாப்பிடற மாத்திரை சார் இது. இருபத்திரண்டு வருஷமா. காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இதை நிறுத்தினா அவளுக்கு வலிப்பு வரும். படக்குன்னு நிறுத்தினா நிச்சயமா வரும்."

ஆய்வாளர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். "எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கா. அதுக்காக வெச்ச மெழுகை உடைக்க முடியுமா சொல்லுங்க? இன்னும் காயக்கூட இல்ல."

அந்த நேரம் பார்த்து, வாட்டசாட்டமான ஒருத்தன் வந்து ஐந்து ரூபாய்ச் சில்லறையால் கண்ணாடிப் பலகையைத் தட்டினான். "இருமல் மருந்து மூணு பாட்டில்."

"சீட்டு?"

பழைய சீட்டு ஒன்றைக் காட்டினான். மடித்து மடித்து நாலு துண்டாகியிருந்தது. ஆய்வாளர் கடமை உணர்ச்சியுடன், "இருமல் இருக்கா தம்பி?" என்று கேட்டார். அவன் ஒரு வினாடி யோசித்துவிட்டு இருமிக் காட்டினான். சட்டம் திருப்தி அடைந்தது. மூன்று பாட்டிலையும் வாங்கிக்கொண்டு, ஒன்றைத் தெருமுனை தாண்டுவதற்குள் திறந்துவிட்டான்.

"இந்த இருமல் மருந்து எந்த அட்டவணை சார்?" என்றார் கடைக்காரர்.

"நாலுதான். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

தங்கை வீடு இரண்டு தெரு தள்ளி, சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே. முன் அறையில் ஒரு மோட்டார் தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், நடுவில் வெட்டு மேஜை. அன்றைக்கு அறை முழுக்க வெள்ளையாக இருந்தது. மருத்துவமனை ஊழியர்களுக்கான கோட்டு, நூற்றிருபது. மூன்று வாரத்தில் கொடுக்க வேண்டும். முன்பக்கத்துக்கு ஆறு பொத்தான், மூன்று பை, மேல் பையில் பேனா செருகத் தனியாக ஒரு தையல். காலர் திருப்புவதுதான் நேரம் பிடிக்கும் என்பதால் அவள் முதலில் காலர்களை எல்லாம் தைத்து மாலைபோல் நூலோடு நூலாகத் தொங்கவிட்டிருந்தாள். அவை மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

அந்த வெள்ளைக்கு மேலே, எதிர்ச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பாராட்டுக் கடிதம். அது அவள் கணவருடையது.

அவருக்குத் தெருவில் கெசட் என்று பெயர். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் அட்டவணையைப் பராமரிக்கிற அலுவலகத்தில் எண் பிரிவின் மூத்த எழுத்தர். அந்த அலுவலகத்தில் இரண்டாம் மாடியில் எண் பிரிவு, நாலாம் மாடியில் பெயர் பிரிவு. பல வருஷத்துக்கு முன் ஓர் உத்தரவில் மருந்தின் பெயர் தப்பாக அச்சாகி, ஏதோ ஒரு கம்பெனி வழக்குப் போட்டு, ஒரு மேலதிகாரிக்கு ரத்தக் கொதிப்பு வந்தது. அன்றிலிருந்து உத்தரவுகளில் பெயரே போடுவதில்லை, எண் மட்டும்தான் என்று வழக்கமாகிவிட்டது. எண் பிரிவில் இருப்பவருக்கு எந்த எண் எந்த மருந்து என்று தெரியாது. தெரிந்துகொள்வது அத்துமீறல். கெசட் பதினாறு வருஷத்தில் ஒருமுறைகூட அத்துமீறியதில்லை.

சாயங்காலம் கடைக்காரர் ஏறி வந்தபோது கெசட் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, முட்டையும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மச்சான். இன்னிக்கு நம்ம உத்தரவு ஒண்ணு வந்திருக்கு பாத்தீங்களா? ரெண்டே வரி. ஒரு கமா கூட அதிகம் கிடையாது."

"பாத்தேன் மாப்பிள்ள. அந்த ரெண்டு வரியாலதான் உங்க பொண்டாட்டி மாத்திரைக்கு மெழுகு வெச்சுட்டுப் போயிருக்கான்."

மெஷின் சத்தம் நின்றது.

"என்னண்ணா சொல்ற?"

கடைக்காரர் சொன்னார். கெசட் மெல்லுவதை நிறுத்தாமல் கேட்டார். முடிந்ததும் தண்ணீர் குடித்தார்.

"நாப்பத்தேழு, அந்த மாத்திரையா?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு நாப்பத்தேழுதான் தெரியும். பேரு நாலாவது மாடி."

"பதினாலு வருஷமா தினம் காலைல அவ வாயில போட்டுக்கறத நீங்க பாக்கறீங்க."

"பாக்கறேன். அது வீடு. இது ஆபீஸ்."

தங்கை எழுந்து போய் சமையலறை அலமாரியிலிருந்து மாத்திரை டப்பாவைக் கொண்டு வந்து வெட்டு மேஜையில் கவிழ்த்தாள். துணியில் பொத்தான்களோடு கலந்துவிடாமல் ஒவ்வொன்றாக நகர்த்தி எண்ணினாள். "பத்தொம்பது," என்றாள்.

கடைக்காரர் பையிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்தார். ஒன்று போன மாதம் வந்தது. மற்றது அதற்கு முந்தையது. அதைப் பொட்டலம் மடிக்கக் கிழிப்பதற்காக வைத்திருந்தார். பாதி கிழிந்திருந்தது. நல்லவேளை, நான்காம் அட்டவணை மிச்சம் இருந்தது.

"பழசுல பாருங்க. நாப்பத்தேழு, இருமல் மருந்து. நாப்பத்தெட்டு, இவ மாத்திரை. புதுசுல பாருங்க. நாப்பத்தாறு, இருமல் மருந்து. நாப்பத்தேழு, இவ மாத்திரை. எல்லாம் ஒரு படி மேல ஏறியிருக்கு. ஊர்ல எவனெவனோ பாட்டில் பாட்டிலா குடிச்சுட்டு விழுந்து கிடக்கிறான். அதைத்தானே மாப்பிள்ள மேல ஏத்த நெனச்சிருப்பீங்க? இவளை ஏத்திட்டீங்க."

கெசட் புத்தகங்களை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒன்று வந்து, வந்த வேகத்தில் போனது.

"எங்கேர்ந்து ஏறிச்சு?" என்று தங்கை கேட்டாள்.

"முப்பத்தொண்ணுலேர்ந்து," என்றார் கடைக்காரர். "பழசுல முப்பத்தொண்ணுன்னு ஒரு மருந்து இருந்துச்சு. இப்ப யாருமே தயாரிக்கிறதில்ல. அதை எடுத்திருக்காங்க. எடுத்தா அந்த எடத்துல ஒரு கோடு போட்டு 'நீக்கப்பட்டது'ன்னு விடறதுதான் வழக்கம். இந்த தடவ யாரோ கீழ இருக்கிறதையெல்லாம் ஒண்ணு ஒண்ணா மேல தள்ளி விட்டிருக்காங்க."

மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள். பார்க்காமல் இருக்க முடியாது. கடிதம் எட்டடி உயரத்தில் மின்விளக்குக்கு நேர் கீழே இருந்தது. 'வரிசை எண்களில் இடைவெளி ஏதுமின்றி அட்டவணையைச் சுயமுனைப்புடன் செம்மைப்படுத்தியமைக்காக' என்று அதில் தட்டச்சு செய்திருந்தது.

"காலியா ஒரு நம்பர் கிடந்தா எனக்குக் கண்ணு உறுத்தும் மச்சான்," என்றார் கெசட். "பல்லு போன வாய் மாதிரி இருக்கும்."

"சரி, உறுத்திச்சு, அடைச்சீங்க. அப்புறம் நாப்பத்தேழை மாத்தற உத்தரவு?"

"அது முன்னாடியே எழுதினது. துணை இயக்குநர் லீவுல இருந்தாரு. கையெழுத்துக்கு ரெண்டு மாசம் காத்துக்கிட்டு இருந்துச்சு."

"அதுக்குள்ள நீங்க நம்பரை மாத்திட்டீங்க."

"மாத்தல. செம்மைப்படுத்தினேன்."

"நாளைக்குப் போய் சொல்லுங்க. தப்பு நடந்துபோச்சுன்னு."

கெசட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மச்சான், அச்சுல வந்த பிறகு அதுக்குத் தப்புன்னு பேரு கிடையாது. அது நிலைமை. நிலைமையை மாத்தணும்னா குறிப்பு வைக்கணும். வைக்கிறேன். முறைப்படி போகட்டும்."

"எத்தனை நாளாகும்?" என்றாள் மனைவி.

"முறைன்னா நாள் கணக்கு உண்டா?"

அவள் பத்தொன்பது மாத்திரையையும் டப்பாவுக்குள் தள்ளினாள். மெஷினில் உட்கார்ந்து மிதியை அழுத்திய வேகத்தில் ஒரு கோட்டின் கை முழுக்க ஒரே ஓட்டத்தில் தைத்து முடிந்தது. கோணலாக. பிறகு அதைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் அவள் அரசு மருத்துவமனைக்குப் போனாள். நரம்பு மருத்துவர் வியாழக்கிழமை மட்டும் வருவார். அன்றைக்கு வியாழக்கிழமைதான், வந்திருந்தார். ஐந்து மணி நேரம் வரிசையில் நின்றதற்குப் பிறகு நடந்த பேச்சு இரண்டு நிமிஷம்.

"எழுதித் தர முடியாதும்மா. ரெண்டாம் அட்டவணைக்குத் தனிப் படிவம். நம்பர் போட்டது. மூணு பிரதி."

"குடுங்க சார், நான் பூர்த்தி செஞ்சு தரேன்."

"படிவம் இன்னும் அச்சாகல."

"எப்ப ஆகும்?"

"அது அச்சகத்தைக் கேக்கணும். நாங்க போடற கோட்டு மாதிரி ஏதோ கொண்டு வந்திருக்கீங்களே, என்ன அது?"

"அளவு பாக்க எடுத்துட்டு வந்தேன் சார். உங்க ஆஸ்பத்திரி ஆர்டர்தான்."

"தோள்பட்டை கொஞ்சம் தாராளமா விடுங்க. எனக்கு எப்பவும் பிடிக்குது," என்றார் மருத்துவர். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.

அன்றிரவிலிருந்து அவள் இரவு மாத்திரையை நிறுத்தினாள். காலையில் ஒன்று மட்டும். யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம் சொன்னால் மெழுகை உடைத்துவிடுவார், கடை போய்விடும். கணவரிடம் சொன்னால் குறிப்பு வைப்பார்.

குறிப்பு ஏற்கெனவே வைக்கப்பட்டிருந்தது. எண் பிரிவிலிருந்து பெயர் பிரிவுக்கு, இரண்டு மாடி. நாலாம் மாடியிலிருந்து பதில் வந்தது: 'எண் தொடர்பான பொருள் ஆகையால் எண் பிரிவுக்கே திருப்பப்படுகிறது.' கெசட் திரும்ப அனுப்பினார்: 'மருந்தின் பெயர் தொடர்பான பொருள் ஆகையால்.' கோப்பு படியேறி இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிச் சென்ற கடைநிலை ஊழியருக்கு மூட்டு வலி. அவர்தான் அந்த விஷயத்தில் உடல்ரீதியாகப் பாதிக்கப்பட்ட முதல் ஆள் என்று அலுவலகம் பதிவு செய்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. கடைக்காரர் தினமும் கடை திறந்ததும் அந்தச் சோப்புப் பெட்டியைப் பார்ப்பார். மெழுகில் ஆய்வாளரின் கட்டைவிரல் ரேகைகூடப் பதிந்திருந்தது. முப்பத்தெட்டு அட்டை, அட்டைக்குப் பத்து. பல் தேய்க்கும் பசைக்கும் தலைவலித் தைலத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. தலைவலித் தைலம் வாங்க வருகிறவர்களிடம் எரிந்து விழ ஆரம்பித்தார். "உங்களுக்கென்ன, தலைவலி! அட்டவணையே இல்லாத வியாதி!"

அடுத்த ஞாயிறு. மழை கடைசியில் வந்தேவிட்டது. கெசட் வீட்டில் இருந்தார். ஜன்னலோரம் நாற்காலி போட்டு, அலுவலகக் கையேட்டில் திருத்தச் சீட்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார். அதுதான் அவருக்கு ஓய்வு. அவள் மெஷினில் தொண்ணூற்றாறாவது கோட்டுக்குப் பை வைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு சீராகவே, ஆனால் நிற்காமல், திரும்பாமல், ஒரே நேராகப் போனது. பை தைக்கிறவர்கள் மூலையில் நிறுத்தித் துணியைத் திருப்புவார்கள். மெஷின் மூலையில் நிற்கவில்லை.

கெசட் தலையைத் தூக்கினார். அவள் கால் மிதியை அழுத்தியபடி விறைத்திருந்தது. கண் மேலே போயிருந்தது. ஊசி துணியைத் தைத்து, ஆள்காட்டி விரலைத் தைத்து, மறுபடி துணியைத் தைத்துக்கொண்டிருந்தது.

கல்யாணமான பதினாலு வருஷத்தில் அவர் அதை ஒருமுறையும் பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தார்கள். 'அதான் மாத்திரை இருக்கே' என்று அவரும் தலையாட்டியிருந்தார். மாத்திரை வேலை செய்ததால் அவர் அதை மறந்தேபோனார். ஒழுங்காக வேலை செய்கிற எதையும் அவர் அலுவலகத்தில்கூட யாரும் கவனிப்பதில்லை.

சுவிட்சை அணைக்கத் தோன்றவில்லை. ஒயரைப் பிடித்து இழுத்தார். பிளக் சுவரோடு பெயர்ந்து வந்தது. அவளை நாற்காலியோடு சாய்க்கப் போய் மெஷினே கூட வந்தது. விரல் ஊசியில் மாட்டியிருந்தது. "மேல சொல்றேன், மேல சொல்றேன்," என்று அவர் கத்தினார். கீழே சைக்கிள் கடைக்காரர்தான் ஓடி வந்து, இடுக்கியால் ஊசியை முறித்து, அவளைப் பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வைத்தார்.

கால் மணி நேரம் கழித்து அவள் கண் திறந்து முதலில் கேட்டது, "கோட்டுல ரத்தம் பட்டுடுச்சா?"

பட்டிருந்தது.

கடைக்காரர் வந்து, விரலைக் கழுவி, நகத்துக்கு அடியில் மருந்து வைத்துக் கட்டினார். டப்பாவைத் திறந்து பார்த்தார். எண்ணினார். கணக்குப்படி எப்போதோ தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரை ஐந்து மிச்சம் இருந்தது.

"பாதியா சாப்பிட்டிருக்கா மாப்பிள்ள. பாதியா. நீங்க முறைப்படி போறதுக்குள்ள தீர்ந்துடக் கூடாதுன்னு."

கெசட் கையில் இன்னும் ஒயர் இருந்தது.

"நான் போய் மெழுகை உடைக்கிறேன்," என்று கடைக்காரர் எழுந்தார்.

"உக்காருண்ணா," என்றாள் அவள், படுத்தபடியே. "கடையை மூடிட்டு ரெண்டு குடும்பமும் என் தையல்லயா சாப்பிடணும்? அதுவும் ஒம்பது விரலை வெச்சுக்கிட்டு?"

மறுநாள் காலை கெசட் துணை இயக்குநரின் அறைக்குப் போனார். முன் அனுமதி இல்லாமல் அந்தக் கதவை அவர் திறந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. துணை இயக்குநர் உயரமானவர். பேசும்போது எதிரில் ஒருவர் இருந்தாலும் இருநூறு பேர் இருப்பதுபோலப் பேசுவார்.

"அட்டவணை என்பது என்ன? ஒரு சமூகத்தின் மனசாட்சி," என்றார்.

"சார், நாப்பத்தேழு தப்பான மருந்து சார். நான்தான் காரணம். நான்தான் நம்பரை நகர்த்தினேன். எழுதியே தரேன்."

"நீங்க நகர்த்தினதுக்குப் பாராட்டுக் கடிதத்துல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நீங்க சார்."

"அப்ப அது தப்பா இருக்க முடியுமா? யோசிச்சுப் பேசுங்க."

"சார், என் மனைவிக்கு நேத்து..."

"வருந்துகிறேன். மனிதனாக வருந்துகிறேன். அதிகாரியாக, மறுஆய்வுக் குழு வருஷத்துல ஒரு தடவதான் கூடும். போன வாரம்தான் கூடிச்சு. உறுப்பினர்கள் எல்லாரும் நிறைவா இருந்தாங்க. பொதுமக்கள்கிட்டேர்ந்து ஒரு புகார்கூட வரல."

"பொதுமக்களுக்கு நம்பர் தெரியாதே சார்."

"அதுதான் இந்த ஏற்பாட்டோட பலம்," என்றார் துணை இயக்குநர்.

கெசட் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். கோப்பைத் தூக்கிக்கொண்டு மூட்டுவலிக்காரர் மேலேறிக்கொண்டிருந்தார். "நகருங்க சார், உங்க கோப்புதான்," என்றார்.

மாத்திரையை வழக்கப்படியே இரண்டு வேளையும் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். இன்னும் மூன்றுதான் இருந்தது.

அன்று மாலை கடைக்காரர் குடையைக்கூட மடக்காமல் படியேறி வந்தார். கையில் ஓர் அட்டை. பச்சை நிறம். பின்பக்கம், நாக்கைத் தொங்கப் போட்ட ஒரு நாயின் படம்.

"பாருங்க மாப்பிள்ள. அதே கம்பெனி. அதே மருந்து. அதே அளவு. நாய்க்கும் வலிப்பு வரும், தெரியுமா? கால்நடை மருந்துக் கடையில இது பாட்டுக்குத் தொங்குது. மாதிரிக்குன்னு காலி அட்டைதான் குடுத்தான். மாட்டு டாக்டர் சீட்டு இருந்தா போதுமாம்."

கெசட் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த அட்டவணை?"

"அட்டவணையே இல்ல. கால்நடைத் துறைக்கு உங்க அட்டவணை செல்லாதாம். அவங்களோட அட்டவணையை இன்னும் எழுதி முடிக்கலையாம்."

"பொய்யாச் சீட்டு வாங்கணும்கிறீங்க."

"மாப்பிள்ள..."

"இல்ல, கேட்டேன்," என்றார் கெசட். கொடியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டார். அதை அவள்தான் இடது கையால் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.

கால்நடை மருத்துவமனையில் ஈர ரோமமும் டெட்டாலும் கலந்த வாசனை. மருத்துவர் ஒரு பெண், ஐம்பதைத் தாண்டியவர். ஒரு கன்றுக்குட்டியின் காதைப் பார்த்து முடித்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நாய்க்கு வலிப்பு மாத்திரை வேணும் டாக்டர்," என்றார் கெசட். மனப்பாடம் செய்ததுபோலச் சொன்னார்.

"நாய் எங்க?"

"நாய்... வீட்டுல."

"பாக்காம எழுத மாட்டேன். கொண்டு வாங்க."

கெசட்டுக்கு அதற்கு மேல் மனப்பாடம் இல்லை. பக்கத்தில் நின்ற மனைவி, "பாத்துக்கிட்டுத்தான் டாக்டர் இருக்கீங்க," என்றாள்.

மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டே அவளைப் பார்த்தார். கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார். ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டார்.

"உக்காரும்மா. இந்த வாரம் நீங்க மூணாவது. எத்தனை நாளாச்சு?"

"ஒரு வாரத்துக்கு மேல பாதி மாத்திரைதான். நேத்துலேர்ந்து முழுசு. நாளையோட முடியுது."

மருத்துவர் ஒரு நீலப் படிவத்தை எடுத்தார். அந்தத் துறையில் படிவங்கள் தாராளமாக இருந்தன. "முன்ன என்ன அளவு சாப்பிட்டீங்களோ அதேதான். ஒண்ணு கூட, கொறைய போகக் கூடாது. எடை?"

"அம்பத்து மூணு கிலோ."

"பெரிய ஜாதின்னு போட்டுக்கறேன். வயசு?"

"முப்பத்தொம்பது."

"மாசம்னு போடறேன். நிறம்?"

"மாநிறம்."

"கடிக்குமா?"

அவள் கணவரைப் பார்த்தாள். "இதுவரைக்கும் இல்ல டாக்டர்."

வெளியே காத்திருந்த கடைக்காரர் சிரித்துவிட்டார். கெசட் சிரிக்கவில்லை. மருத்துவர் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தார். "பேரு?"

"பேரு வேணுமா?" என்றார் கெசட்.

"பேரு இல்லாம எப்படி? எந்த நாய்னு தெரிய வேணாமா? நம்பரை வெச்சா கூப்பிடுவாங்க?"

கெசட் தரையைப் பார்த்தார். அங்கே கன்றுக்குட்டி விட்டுப்போனது கிடந்தது.

"முப்பத்தொண்ணு," என்றார்.

மருத்துவர் ஏன் என்று கேட்கவில்லை. எழுதினார். உரிமையாளர் கையெழுத்து என்று இருந்த இடத்தைக் காட்டினார். 'மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதி அளிக்கிறேன்' என்பதற்குக் கீழே கெசட் தன் முழுப் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். பழக்க தோஷத்தில் இரண்டு கோடும் இழுத்தார்.

நூற்றிருபது கோட்டும் ஐந்து நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தன. தொண்ணூற்றாறாவதை அவள் புதிதாகத் தைத்தாள். தோள்பட்டையைத் தாராளமாக விட்டிருந்தாள். பாராட்டுக் கடிதம் அந்த வாரமே இறங்கியது. அந்த ஆணியில் இப்போது பெரிய கத்தரிக்கோல் தொங்குகிறது.

பதினொரு மாதம் கழித்துக் குழு கூடியது. தப்பு நடந்ததாக அது எங்கேயும் சொல்லவில்லை. நான்காம் அட்டவணையில் முப்பத்தொன்றாம் எண் 'எதிர்காலப் பயன்பாட்டுக்காக ஒதுக்கப்பட்டது' என்று ஒரு வரியைச் சேர்த்தது. அதோடு கீழே இருந்தவை எல்லாம் ஒரு படி இறங்கிப் பழைய இடத்தில் உட்கார்ந்தன. இருமல் மருந்து நாற்பத்தேழாகி இரண்டு பூட்டுக்குள் போனது. மாத்திரை நாற்பத்தெட்டாகி வெளியே வந்தது. 'தொலைநோக்குடன் இடைவெளி விட்டு அட்டவணையைச் செம்மைப்படுத்தியமைக்காக' துணை இயக்குநருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள்.

ஆய்வாளர் வந்து சோப்புப் பெட்டியின் மெழுகை உடைத்தார். முப்பத்தெட்டு அட்டையும் காலாவதியாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. அழிப்பதற்கு ஒரு படிவம் இருந்தது. அதைப் பூர்த்தி செய்தார்கள்.

கால்நடைத் துறையிலிருந்து மட்டும் வருஷா வருஷம் ஓர் அட்டை வருகிறது. 'முப்பத்தொன்று என்ற தங்கள் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டிய காலம் கடந்துவிட்டது; தவறினால் நேரில் வந்து பார்வையிடப்படும்' என்று சிவப்பு மையில். அந்த நாயை இல்லை என்று சொல்வதற்கு எந்தத் துறையிலும் படிவம் இல்லை. கெசட் ஒவ்வோர் அட்டையையும் தேதி வாரியாகக் கோத்து வைத்திருக்கிறார்.

அந்த வீட்டில் நாய் கிடையாது.